அரசை மறுத்தவரும் அவர் வீட்டாரும்

பீட்டர் குரோபோட்கின் சிறுவனாக இருந்தபோது அவருடைய மாஸ்கோ வீட்டில் நடந்த ஒரு சம்பவம். அப்பா இளவரசர் அலெக்ஸிக்கு மூன்று மாகாணங்களில் நிலம், ஏறத்தாழ 1,200 பண்ணையடிமைகள். ஆண்களை மட்டும்தான் எண்ணுவார்கள். பெண்களைக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் அந்த நாட்டில் இல்லை. அன்றைக்கு இளவரசர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். மக்கார் என்ற வேலையாள் தட்டுகளை உடைத்துவிட்டான். பியானோவுக்குச் சுருதி கூட்டுவதும் பந்தி பரிமாறுவதும் அவன் வேலை. இளவரசர் கை ஓங்கவில்லை. உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினார். இவனைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் நூறு பிரம்படி கொடுக்கச் சொல்லி, இன்னொரு வேலையாள் கையில் சீட்டைக் கொடுத்தனுப்பினார்.

அடி வாங்கித் திரும்பிய மக்காரின் கையை, இருட்டு நடையில் நின்றிருந்த சிறுவன் முத்தமிடப் போனான். மக்கார் கையை இழுத்துக்கொண்டான். பெரியவனானால் நீயும் இப்படித்தான் இருப்பாய் என்கிற பொருளில் ஏதோ சொன்னான். 1899இல் வந்த தன் வாழ்க்கை நினைவுகளில் குரோபோட்கின் இதை எழுதியிருக்கிறார். அந்நேரம் அவர் ஐரோப்பா முழுக்க அறிந்த அனார்க்கிஸ்ட். அரசு என்ற அமைப்பே மனிதருக்கு வேண்டாம் என்று வாதிட்டவர்.

இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்பவர்கள் சிறுவனின் முத்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் சீட்டு. கோபம் வீட்டுக்காரருடையது, பிரம்பு சர்க்காருடையது. வீட்டின் உள்விவகாரம் ஒன்றைத் தீர்க்கப் போலீஸ் நிலையம் சம்பளமில்லாத வேலைக்காரனைப் போல வந்து நிற்கிறது. குடும்பமும் அரசும் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைக் குரோபோட்கின் எந்த நூலிலும் படிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

அரசை மறுக்கிற ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வரும் மோதலை நாம் வழக்கமாகத் தலைமுறைச் சண்டையாகவே வாசிக்கிறோம். துர்கனேவ் 1862இல் எழுதிய ‘தந்தையரும் தனயரும்’ அதற்கு ஒரு வார்ப்பை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. பழைய கருத்து, புதிய கருத்து, சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம். ஆனால் பதிவில் உள்ள வாழ்க்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வாக்குவாதத்தால் மட்டும் உடைந்த குடும்பங்கள் குறைவு. பிள்ளை எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளட்டும் என்று பல வீடுகள் வருடக்கணக்கில் பொறுத்திருக்கின்றன. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வரும்போதுதான் வீடு இரண்டாகிறது. உயில், பத்திரம், ராணுவ அழைப்பாணை, திருமணப் பதிவு, பாஸ்போர்ட், பள்ளிக்கூடச் சேர்க்கை ஆகியவைதான் அந்தக் காகிதங்கள்.

தகப்பனார் தானே அரசின் கையாக இருக்கும் வீட்டிலிருந்து தொடங்கலாம். ஹான்ஸ் குரோஸ் ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற குற்றவியல் அறிஞர். விசாரணை நீதிபதிகளுக்காக 1893இல் அவர் எழுதிய கைநூல் பல மொழிகளுக்குப் போயிற்று. அதன் ஆங்கில வடிவம் 1906இல் நம் சென்னையில்தான் அச்சானது. இந்தியப் போலீசும் மாஜிஸ்ட்ரேட்டுகளும் பயன்படுத்துவதற்கென்றே மாற்றி எழுதப்பட்டது. தடயம், கைரேகை, பொய்சாட்சி என்று நம்மூர் இன்ஸ்பெக்டர்கள் படித்த பாடத்தில் அவர் பங்கும் உண்டு. பிராகாவில் அவர் பேராசிரியராக இருந்தபோது வகுப்பில் உட்கார்ந்து கேட்ட சட்ட மாணவர்களில் காஃப்கா ஒருவர்.

அவருடைய ஒரே மகன் ஓட்டோ. மனநல மருத்துவர், ஃபிராய்டின் வட்டத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், போதைப் பழக்கம் உள்ளவர், அனார்க்கிஸ்ட். அதிகாரத்தின் வேர் தந்தைவழிக் குடும்பத்தில் இருக்கிறது, அதை அசைக்காமல் எந்தப் புரட்சியும் நிற்காது என்பது அவர் கட்சி. 1913 நவம்பரில் பெர்லினில் நண்பர் வீட்டில் இருந்தவரைப் பிரஷ்யப் போலீஸ் பிடித்து ஆஸ்திரிய எல்லைக்கு அனுப்பியது. அங்கே மனநோய் விடுதியில் அடைத்தார்கள். பின்னால் இருந்தவர் அப்பா. சில வாரங்களில் மகன் சட்டப்படி சுயபொறுப்பற்றவர் என்று அறிவிக்கப்பட்டு, தந்தையே காப்பாளராக நியமிக்கப்பட்டார். நண்பர்கள் பத்திரிகைகளில் கிளப்பிய எதிர்ப்புக்குப் பிறகு 1914இல்தான் வெளியே வந்தார்.

ஓட்டோவின் கொள்கையை அவரைவிட அழுத்தமாக நிரூபித்துக் கொடுத்தவர் ஹான்ஸ் குரோஸ்தான் என்று சொல்லத் தோன்றும். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டோவின் போதைப் பழக்கம் கற்பனையில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்களின் சாவுகளில் அவர் பெயரும் அடிபட்டது. ஒரு தகப்பனுக்கு உண்மையாகவே பயம் வந்திருக்கலாம். பயந்த தகப்பன் கைக்கெட்டிய கருவியை எடுக்கிறான். இவர் கைக்கு எட்டியது இரண்டு நாட்டுப் போலீஸ். அக்கறை எங்கே முடிந்து அடக்குமுறை எங்கே தொடங்கியது என்று அந்தக் கோப்பிலிருந்து எவராலும் கோடு போட முடியாது. ஹான்ஸ் 1915இல் இறந்தார். ஓட்டோ 1920இல் பெர்லினில், வறுமையில்.

பெர்லினிலேயே இன்னொரு வீடு. ஆர்தர் ஷோலம் அச்சக முதலாளி, ஜெர்மன் தேசத்தின் மீது பக்தி கொண்ட யூதர். நான்கு மகன்கள், நான்கு திசை. மூத்தவர் ரைன்ஹோல்ட் தீவிர ஜெர்மன் தேசியவாதி. அடுத்தவர் எரிக் மிதவாதி. மூன்றாமவர் வெர்னர் சோசலிஸ்ட், பின்னால் கம்யூனிஸ்ட். கடைக்குட்டி கெர்ஹார்ட் சியோனிஸ்ட், போர் எதிர்ப்பாளர், அந்நாளில் அனார்க்கிச நூல்களில் மூழ்கியிருந்தவர். யூத மறைஞானத்தின் பெரும் ஆய்வாளராகப் பின்னாளில் உலகம் அறிந்த கெர்ஷம் ஷோலம் இவர்தான்.

1917 ஜனவரியில் கைசரின் பிறந்தநாளன்று, போரில் காயம்பட்டுத் தேறிவந்த வெர்னர் ராணுவ உடையோடே போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்து கைதானார். வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது கெர்ஹார்ட் அண்ணனுக்காகப் பேசினார். அடுத்து வந்தது ஒரு பதிவுத்தபால். ஒரே கூரையின் கீழ் இருந்த மகனுக்கு அப்பா தபாலாபீஸ் வழியாகக் கடிதம் அனுப்பியிருந்தார்: மார்ச் 1க்குள் வீட்டைக் காலி செய், கையில் 100 மார்க் தருகிறேன், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நேரில் கத்தியிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். ஆர்தருக்கு முத்திரை குத்திய, ரசீது உள்ள ஒரு வெளியேற்றம் தேவைப்பட்டது. வீட்டுக்குள்ளும் அரசாங்க நடைமுறை! எனக்குத் தெரிந்த குடும்பச் சண்டைக் கதைகளில் இதற்கு இணையான விவரம் இல்லை.

வெளியேறிய கெர்ஹார்ட் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை எடுத்தார். அங்கே நண்பரானவர் ஸல்மான் ருபஷோவ். ஷஸார் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1963இல் இஸ்ரேலின் குடியரசுத் தலைவரானவர். அரசு வேண்டாம் என்ற எண்ணத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பையன், வருங்கால அரசுத் தலைவரின் அறைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். அதே ஆண்டு ராணுவ அழைப்பாணை வந்தது. மனநிலை சரியில்லை என்று சில வாரங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் கோபம் அதன்பின் கொஞ்சம் தணிந்தது.

ஆர்தர் 1925இல் இறந்தார். அதனால் மிச்சத்தைப் பார்க்கவில்லை. அவர் பக்தி செலுத்திய தேசம் 1933க்குப் பிறகு அங்கே எஞ்சியிருந்த மூன்று பிள்ளைகளையும் வேறுபாடு பார்க்காமல் ஒதுக்கித் தள்ளியது. தேசியவாதி ரைன்ஹோல்டும் மிதவாதி எரிக்கும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். வெர்னரை 1940இல் புகன்வால்ட் முகாமில் கொன்றார்கள். தாய் பெட்டி, ஜெருசலேமில் இருந்த கடைக்குட்டிக்குக் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்து, 1946இல் சிட்னியில் கண்ணை மூடினார். கட்சிகள் நான்காகப் பிரிந்த குடும்பத்தில் தபால் மட்டும் நிற்கவில்லை என்பது இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இந்த வரலாற்றில் வெட்கமில்லாமல் நடந்தது அது ஒன்றுதான். ருஷ்ய அனார்க்கிஸ்ட் பக்கூனின் வாழ்நாள் முழுக்கச் சகோதரர்களிடம் சொத்தில் தன் பங்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷ்லிஸல்பர்க் கோட்டைச் சிறையிலிருந்து அவர் 1857இல் சைபீரிய நாடுகடத்தலுக்கு மாற்றப்பட்டதற்கு, தாயார் ஜார் மன்னனுக்குப் போட்ட மனுக்களும் ஒரு காரணம். சைபீரியாவில் ஆளுநராக இருந்தவர் தாய்வழி உறவினர். பிரபுக் குடும்பத்தின் பெயர் இல்லாத ஒரு புரட்சிக்காரன் அந்தக் கோட்டையிலேயே மக்கிப்போயிருப்பான். இத்தாலியில் கார்லோ காஃபியேரோ தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்று, லொகார்னோ அருகே புரட்சிக்காரர்கள் தங்க ஒரு வீடு வாங்கினார். ஓராண்டுக்குள் பணம் கரைந்து பக்கூனினோடு உறவும் கசந்தது. பரம்பரைச் சொத்து ஒழிய வேண்டும் என்ற இயக்கத்தின் முதல் நன்கொடையாளர் பரம்பரைச் சொத்துதான்.

டால்ஸ்டாய் வீட்டுக்கு வருவோம். இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தகப்பன்–மகன் சண்டையைவிடக் கணவன்–மனைவி விவகாரம் சிக்கலானது. இங்கே காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன.

1862இல் திருமணம். அவருக்கு 34, சோஃபியாவுக்கு 18. பதின்மூன்று பிரசவம், எட்டுப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். கணவரின் கிறுக்கலைப் படித்துப் ‘போரும் அமைதியும்’ நாவலைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் சோஃபியா. 1880 வாக்கில் டால்ஸ்டாய்க்குள் பெரிய மாற்றம். திருச்சபை பொய், சொத்து பாவம், ராணுவமும் நீதிமன்றமும் போலீசும் வன்முறையின் வேறு பெயர்கள், இவற்றின் மேல் நிற்கும் அரசுக்கு ஒரு கிறிஸ்தவன் கட்டுப்பட முடியாது என்ற முடிவுக்கு வந்தார். ‘கடவுளின் ராஜ்யம் உனக்குள்ளே’ அந்த முடிவின் முழு வடிவம். வெளிநாட்டில் அச்சாகிக் காந்தியின் கைக்கு வந்து, தென்னாப்பிரிக்காவில் வேலை செய்தது.

வீட்டுக்குள் நடந்தது என்ன? சொத்து பாவம் என்றவர் 1883இல் மனைவி பேரில் பவர் எழுதிக் கொடுத்தார். குத்தகை, வரி, வேலையாள் கூலி, பிள்ளைகளின் படிப்பு, மாஸ்கோ வீட்டுச் செலவு எல்லாம் சோஃபியா தலையில். 1885 முதல் கணவரின் நூல்களை அவரே பதிப்பித்து விற்றார். குடும்பம் அதில்தான் ஓடியது. 1891இல் ‘கிரெய்ட்சர் சொனாட்டா’வைத் தணிக்கை தடுத்தபோது, சோஃபியா நேராகப் பீட்டர்ஸ்பர்க் போய் மூன்றாம் அலெக்ஸாண்டரைச் சந்தித்து, தொகுதியில் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கி வந்தார். அரசே கூடாது என்பவரின் புத்தகத்துக்காக அவர் மனைவி சக்கரவர்த்தியிடம் நின்று பேச வேண்டியிருந்தது. டால்ஸ்டாய்க்கு அது பிடிக்கவில்லை. புத்தகம் மட்டும் வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், 1881க்குப் பிறகு எழுதியவற்றை யாரும் இலவசமாக அச்சிடலாம் என்று அவர் பத்திரிகைகளுக்கு அறிவித்தார். 1892இல் நிலங்களையும் மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கொள்கைப்படி சரி. ஆனால் தான் பாவம் என்று கருதியதைத் தன் பெயரிலிருந்து அவர்கள் பெயருக்கு மாற்றிவைத்தால் பாவம் யாருடையது? மகள் மரியா முதலில் தன் பங்கே வேண்டாம் என்றாள். திருமணமானபோது வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் அப்பாவின் கொள்கையைச் சரியாகப் புரிந்துகொண்டவளும் அதன் விலையை முதலில் கண்டவளும் அவள்தான் என்பேன்.

1907இல் யாஸ்னயா பல்யானாவின் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோசு களவு போயிற்று. காவலாட்கள் பேரில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. சோஃபியா துலா ஆளுநருக்குச் சொல்லியனுப்பினார். ஆட்கள் கைதானார்கள், பண்ணைக்குப் போலீஸ் காவல் வந்தது. பின்பு மரம் வெட்டுவதைத் தடுக்கக் குதிரையேறிய செர்கேசியக் காவலாள் ஒருவனையும் அமர்த்தினார்கள். கைதானவர்களின் வீட்டுப் பெண்கள் டால்ஸ்டாயிடம் வந்து அழுதார்கள். காவல்துறையே கூடாது என்று உலகுக்கு எழுதிய கிழவர், தன் வாசலில் நிற்கும் போலீஸ்காரர்களைத் தாண்டித்தான் தினமும் உலாவப் போனார். இது வேஷம் என்று எதிரிகள் சிரித்தார்கள். தியாகம் என்று அடியார்கள் கண்ணீர் விட்டார்கள். நான் இரண்டிலும் சேரவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலையைக் கணவர் சட்டப்படி மனைவியிடம் ஒப்படைத்த பிறகு, அந்த வேலையைச் சோஃபியா சட்டத்தின் துணையோடு செய்தார் என்று குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. டால்ஸ்டாயின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அந்த நேர்மைக்கான மாதாந்திரச் செலவுக் கணக்கு சோஃபியாவின் நோட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளும் பிளந்தார்கள். மகள்கள் அப்பா பக்கம், மகன்களில் பெரும்பாலோர் அம்மா பக்கம். 1904இல் ருஷ்ய–ஜப்பானியப் போரை எதிர்த்து டால்ஸ்டாய் உலகறிய எழுதிய அதே காலத்தில் மகன் ஆந்திரே அந்தப் போருக்குப் புறப்பட்டுப் போனார். இன்னொரு மகன் லெவ், அப்பாவின் ‘கிரெய்ட்சர் சொனாட்டா’வுக்கு மறுப்பாகக் கதையே எழுதினார்.

இறுதியில் உயில். பதிப்புரிமை யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதிவைத்தால் ருஷ்யச் சட்டம் ஏற்காது. வாரிசு என்று ஒரு மனிதரின் பெயர் வேண்டும். பெயரில்லாவிட்டால் எல்லாம் தானாகக் குடும்பத்துக்குப் போய்விடும். சீடர் செர்த்கோவ் வக்கீலைக் கலந்து வாசகம் தயாரித்தார். 1910 ஜூலை 22 அன்று (பழைய ருஷ்ய நாட்காட்டி) 81 வயது டால்ஸ்டாய் குதிரையில் காட்டுக்குள் போய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் உட்கார்ந்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் தன் கையால் உயிலைப் படியெடுத்துக் கையொப்பமிட்டார். கடைசி மகள் அலெக்ஸாண்ட்ரா சட்டப்படி வாரிசு. மனைவிக்குச் சொல்லவில்லை. நீதிமன்றத்தையே ஏற்காதவர், நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஆவணம் ஒன்றை மனைவிக்கு எதிராக ஒளித்துச் செய்தார். மூன்று மாதம் கழித்து அக்டோபர் 28 விடியலில் வீட்டைவிட்டு வெளியேறி, பத்தாம் நாள் அஸ்தாபவா ரயில் நிலையத்தில் இறந்தார். நினைவு தப்பும்வரை சோஃபியாவை அருகில் விடவில்லை. அவர் போன பின் சோஃபியா ஜாரின் அரசிடமிருந்து ஓய்வூதியம் பெற்றார். அலெக்ஸாண்ட்ரா நூல்கள் விற்ற பணத்தில் நிலத்தை வாங்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்தார். உயிலால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல முடியாது.

பெண் அரசை மறுத்தால் கதை வேறு மாதிரி போகிறது. அவளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொத்தே கிடையாது. எம்மா கோல்ட்மனின் அப்பா, மகள் படித்த பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தைப் பிடுங்கி நெருப்பில் போட்டவர். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு, கல்யாணம் முடித்து அனுப்பினால் போதும் என்ற தரப்பு. 1885இல் அமெரிக்காவில் ராச்சஸ்டருக்குப் போன எம்மா சில ஆண்டுகளில் நாடறிந்த அனார்க்கிஸ்ட் ஆனார். 1901இல் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டபோது, கொலையாளி எம்மாவின் பேச்சைக் கேட்டவன் என்று அவரைக் கைது செய்தார்கள். சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். அடி விழுந்தது ராச்சஸ்டரில். அப்பாவின் சிறிய மரச்சாமான் கடைக்கு வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். யூத ஆலயத்தில் அவரை ஒதுக்கினார்கள். மகளின் கொள்கையில் ஒரு வரியைக்கூட ஏற்காத மனிதர் மகளின் கொள்கைக்காகத் தண்டம் கட்டினார்.

அரசாங்கமும் குடும்ப உறவு வழியாகவே எம்மாவைப் பிடித்தது. எப்போதோ விட்டுப் பிரிந்த முதல் கணவரின் குடியுரிமையை 1909இல் ரத்து செய்தார்கள். கணவன் வழி வந்த மனைவியின் குடியுரிமையும் அதோடு போயிற்று. 1919 டிசம்பரில் 249 பேரை ஏற்றிப் புறப்பட்ட ‘புஃபோர்ட்’ கப்பலில் அவரும் நாடுகடத்தப்பட்டார். ருஷ்யாவிலும் நிலைக்காமல், எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் அலைந்தவர் 1925இல் ஜேம்ஸ் கோல்ட்டன் என்ற வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. மாப்பிள்ளை தன் வேலைக்குத் திரும்பிப் போனார். சட்டத் திருமணத்தை இருபது ஆண்டுக்கு மேல் மேடைகளில் கிழித்தவருக்கு அதே சட்டத் திருமணம்தான் நடமாடும் உரிமையை மீட்டுக் கொடுத்தது. இதைக் கொள்கைத் துரோகம் என்பவர் எல்லையில் காகிதமில்லாமல் நின்று பார்க்கவில்லை.

சோஃபியா பெரோவ்ஸ்காயாவையும் சொல்ல வேண்டும். அவர் அனார்க்கிஸ்ட் அல்ல. மன்னராட்சியைக் குண்டு வைத்துத் தகர்க்க நினைத்த ‘மக்கள் விருப்பம்’ குழுவைச் சேர்ந்தவர். அப்பா பீட்டர்ஸ்பர்க் ஆளுநராக இருந்தவர், வீட்டில் தாயை இழிவுபடுத்தியவர். மகள் அப்பாவை வெறுத்தாள், அம்மாவிடம் உயிராக இருந்தாள். 1881இல் இரண்டாம் அலெக்ஸாண்டர் கொலைக்காகத் தூக்கு விதிக்கப்படும் முன் தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், மன்னிப்புக்கும் ஆறுதலுக்கும் நடுவே ஒரு வேண்டுகோள்: பொத்தான் வைத்த காலரும் மணிக்கட்டுப் பட்டியும் வாங்கி அனுப்புங்கள், நீதிமன்றத்தில் உடுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். அம்மாவிடம் மட்டும் கேட்கக்கூடிய பொருள் அது.

இதுவரை வீட்டாரின் அரசைப் பார்த்தோம். கலகக்காரர் தன் வீட்டில் நடத்திய அரசாங்கமும் உண்டு. 1840இல் சொத்து என்பதே திருட்டு என்று சொன்ன புரூதோன், வீட்டில் கணவனின் ஆட்சியைக் கூச்சமில்லாமல் ஆதரித்தவர். ஜோசஃப் தெஜாக் என்ற இன்னொரு பிரெஞ்சு அனார்க்கிஸ்ட் 1857இலேயே இதைச் சுட்டி அவரைக் கண்டித்து எழுதினார். அரசனை மறுத்துவிட்டுப் புருஷனை வைத்துக்கொண்டால் பாதி மறுப்புத்தானே என்பது அவர் வாதம்.

காந்தியை இந்த வரிசையில் வைப்பது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் 1909இன் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நவீன அரசு இயந்திரத்தின் மீதான கடுமையான மறுப்பு. அடுத்த ஆண்டு ஜோஹன்னஸ்பர்க் அருகே, நம்மூர்த் தமிழ்ச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் பெருமளவில் தங்கிய பண்ணைக்கு வைத்த பெயரும் டால்ஸ்டாய்தான். டால்ஸ்டாய் எழுதி, காந்தி மறுபதிப்பித்த ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ திருக்குறளையும் எடுத்தாள்வதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். மூத்த மகன் ஹரிலால் அப்பாவின் போராட்டத்தில் பலமுறை சிறை போனவர். அரசியலில் கருத்து வேறுபாடே இல்லை. அவர் கேட்டது முறையான படிப்பு. இங்கிலாந்தில் படிக்க வாய்ப்பு வந்தபோது அப்பா அதை வேறொருவருக்குக் கொடுத்தார். 1911இல் ஹரிலால் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மகன் பள்ளிச் சான்றிதழைக் கேட்டார். தகப்பனாருக்கு அந்தச் சான்றிதழே அடிமை முறி. இதில் யார் கலகக்காரர்?

மோதல் தலைகீழாகவும் வரும். ஸ்பெயினில் ஃபெதெரிகா மொந்த்செனியின் தாயும் தந்தையும் பேர்பெற்ற அனார்க்கிஸ்டுகள். ‘லா ரெவிஸ்தா பிளாங்கா’ பத்திரிகையை நடத்தியவர்கள். அரசு எதிர்ப்புதான் அந்த வீட்டின் குலதெய்வம். உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் படை மாட்ரிட்டை நெருங்கிய 1936 நவம்பரில், மகள் குடியரசு அரசாங்கத்தில் சுகாதார அமைச்சரானார். ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர். தந்தைக்கு அது இயக்கத்தின் முடிவாகவே பட்டது. பதவி கிட்டத்தட்ட ஆறு மாதம். அந்தச் சங்கடத்தை அவர் பிற்பாடு பலமுறை பேசியிருக்கிறார். 1939இல் குடும்பம் முழுக்க எல்லை தாண்டி பிரான்சுக்கு ஓடியது. தாய் அங்கே வந்த சில நாளிலேயே இறந்தார். அரசை ஏற்ற மகளையும் மறுத்த பெற்றோரையும் ஃபிராங்கோ வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

தலைகீழ் வழக்குகளில் கொடியது கனடாவில் நடந்தது. ராணுவத்தையும் அரசு ஆணைகளையும் மறுத்த ருஷ்யக் கிறிஸ்தவப் பிரிவினர் துகபோர்கள். ஜாரின் துன்புறுத்தலிலிருந்து அவர்களில் சுமார் 7,500 பேரை 1899இல் கனடாவுக்குக் கப்பலேற்ற உதவியது ‘புத்துயிர்ப்பு’ நாவலின் பணம். டால்ஸ்டாய் பதிப்புரிமையைத் துறந்த பின்பும் இந்த ஒரு நாவலுக்கு மட்டும் காசு வாங்கினார். சோஃபியா அதைக் கேள்வி கேட்டிருந்தால் நான் வியக்க மாட்டேன். கனடாவில் துகபோர்களில் ஒரு சிறு பிரிவு, ‘சுதந்திரப் புதல்வர்கள்’, அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தது. பள்ளிகளுக்குத் தீ வைத்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். 1953 முதல் 1959 வரை பிரிட்டிஷ் கொலம்பியாவில் போலீஸ் வீடு புகுந்து ஏறக்குறைய 200 குழந்தைகளைப் பிடித்து, நியூ டென்வர் என்ற ஊரில் விடுதியில் வைத்தது. பார்க்க வந்த பெற்றோரைக் குழந்தைகள் கம்பி வலைவேலி வழியாகத்தான் தொட முடிந்தது. வேலியின் கண்ணிகளில் உதட்டை வைத்து முத்தம் கொடுத்தார்கள். மாகாண அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024 பிப்ரவரியில். அதற்குள் அந்தக் குழந்தைகள் கிழவர்களாகியிருந்தார்கள், பலர் இறந்தும் போயிருந்தார்கள். பெற்றோரின் நம்பிக்கைக்குப் பிள்ளைகள் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற கேள்வியும் இங்கே இருக்கிறது. அரசு செய்த கொடுமை அதைக் கேட்கவே விடாமல் செய்துவிட்டது.

சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆசார்யாவை விட்டுவிட்டு இந்தப் பட்டியலை முடிக்க முடியாது. மண்டயம் குடும்பம், பாரதி ஆசிரியராயிருந்த ‘இந்தியா’ வாரப்பத்திரிகையின் பின்னிருந்த அதே குடும்பம். ஆகவே இங்கே வீடு மகனை எதிர்த்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் அரசை எதிர்ப்பதில் உறவினர்கள் கூடவே வந்தார்கள். எல்லா அரசையும் எதிர்ப்பதில் அவர் தனியாளானார். புதுச்சேரி, லண்டன், பெர்லின், மாஸ்கோ என்று போய், 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, அனார்க்கிஸ்டானவர். மக்தா நாக்மன் என்ற ருஷ்ய ஓவியரை மணந்தார். ஹிட்லர் காலத்தில் பெர்லினை விட்டு வெளியேற அவருக்கும் தேவைப்பட்டது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான்! அதை வாங்கிக்கொண்டு 1935இல் பம்பாய் வந்தார். மக்தா 1951இல் தன் ஓவியக் கண்காட்சி திறக்கவிருந்த நாளில் இறந்தார். ஆசார்யா 1954இல்.

இத்தனை வழக்குகளிலும் ஒரு பெரிய குறை. நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் கலகம் செய்தவர்கள் எழுதியது. குரோபோட்கினின் அப்பாவை மகனின் பக்கங்களில்தான் பார்க்கிறோம். எம்மாவின் அப்பாவை மகளின் தன்வரலாற்றில். ஆர்தர் ஷோலமை மகனின் நினைவில். எழுதத் தெரிந்த பிள்ளை சண்டையில் எப்போதும் ஜெயித்தவன். சோஃபியா விதிவிலக்கு. அவர் நாட்குறிப்பு எழுதினார், தன்வரலாறும் எழுதினார். 1919இல் அவர் இறந்தபின் அந்தத் தன்வரலாறு முழுமையாக ஆங்கிலத்தில் வெளிவர 2010 ஆகிவிட்டது. அவர் பக்கத்தைப் படித்த பிறகு டால்ஸ்டாயின் வீடு முற்றிலும் வேறு வீடாகத் தெரிகிறது. ராச்சஸ்டர் மரச்சாமான் கடையின் பேரேடும், பெட்டி ஷோலமின் தபால் கட்டும், நியூ டென்வர் வேலிக்கு வெளியே நின்ற தாய்மாரின் வாக்குமூலமும் இதே அக்கறையோடு படிக்கப்பட்டால் மற்ற வீடுகளும் அப்படித் தெரியக்கூடும். இனி இந்தப் பொருளில் ஆராய்ச்சிக்கு இறங்குபவர் அறிக்கைகளையும் கொள்கை நூல்களையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்.